ஒரே பெயர், ஒரே ஆண்டு, இரண்டு புயல்கள்: அட்டவணையில் எப்படிப் பிரிப்பது?

குறிப்பேடு எழுதியது:

வணக்கம். வெப்பமண்டலப் புயல்களுக்குத் தமிழில் ஓர் அகரவரிசை அட்டவணை தொகுத்து வருகிறேன். பள்ளி நூலகங்களில் வைக்கும் அளவுக்குச் சிறியதாகவும், நாளிதழில் ஒரு பெயரைப் பார்த்த மாணவர் அது எந்தக் கடலில் எப்போது வீசிய புயல் என்று உடனே கண்டுகொள்ளத் தக்கதாகவும் இருக்க வேண்டும் என்பதே நோக்கம். பெயரோடு ஆண்டையும் சேர்த்துத் தலைப்பிட்டால் போதும் என்ற விதியுடன்தான் தொடங்கினேன். 1999இல் நிகராகுவாவைத் தொட்ட வலுக்குறைந்த கத்ரீனாவையும், 2005இல் நியூ ஆர்லியன்ஸை மூழ்கடித்த கத்ரீனாவையும் பிரிக்க அந்த விதி போதுமானதாக இருந்தது. லகர வரிசைக்கு வந்தபோது அது உடைந்துவிட்டது.

1997ஆம் ஆண்டில் இரண்டு லிண்டாக்கள் இருக்கின்றன. முதலாவது, அந்த ஆண்டு செப்டம்பரில் மெக்சிகோவுக்கு மேற்கே, கிழக்குப் பசிபிக்கில் உருவானது. அதன் மையக் காற்றழுத்தம் 902 ஹெக்டோபாஸ்கல் வரை இறங்கியதாக மதிப்பிட்டிருக்கிறார்கள் (மைய அழுத்தம் குறையக் குறையப் புயல் வலுவானது). 2015இல் பட்ரீசியா வரும்வரை அந்தக் கடற்பகுதியில் அதைவிட வலுவான புயல் பதிவானதில்லை. கலிபோர்னியாவின் தென்பகுதியை நோக்கித் திரும்புமோ என்று சிறிது காலம் அஞ்ச வைத்த அந்தப் புயல், கரையைக் கடக்காமல் கடலிலேயே அடங்கிவிட்டது. இரண்டாவது லிண்டா, அதே ஆண்டு நவம்பர் 2 அன்று வியட்நாமின் தென்கோடியில் உள்ள கா மாவ் பகுதியைத் தாக்கியது. வலிமையில் முதலாவதற்கு அருகில்கூட வைக்க முடியாத புயல் அது. ஆனால் அங்கே பல தலைமுறைகளாகப் பெரும் புயலைப் பார்த்திராத மக்கள் வாழ்ந்தார்கள். மீன்பிடிப் படகுகள் கடலில் இருந்தன. இறந்தவர்களும் காணாமற் போனவர்களுமாக மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர்.

‘லிண்டா 1997’ என்று தேடும் மாணவருக்கு எதைக் காட்டுவது? இதற்கு ஒரு பொதுவிதி வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

வங்கக்கடல் எழுதியது:

பெயர், ஆண்டு ஆகியவற்றோடு கடற்பகுதியையும் சேர்த்துவிடுங்கள். நீங்கள் லிண்டாவில் கண்டது அரிய விபத்து அன்று. பெயரிடும் முறையே அப்படித்தான் அமைந்திருக்கிறது. உலகம் முழுவதற்கும் ஒரே பட்டியல் கிடையாது. உலக வானிலை அமைப்பின் கீழ் ஒவ்வொரு கடற்பகுதிக்கும் தனித்தனிக் குழு உண்டு. அந்தந்தக் குழு தன் வட்டார மக்களுக்கு எளிதான பெயர்களைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. அதிலும் 2000ஆம் ஆண்டுக்கு முன்பு வடமேற்குப் பசிபிக் புயல்களுக்கு அமெரிக்கப் படைத்துறையின் எச்சரிக்கை மையமே ஆங்கிலப் பெயர்களைச் சூட்டிவந்தது. கிழக்குப் பசிபிக்கிலும் அட்லாண்டிக்கிலும் அதே வகைப் பெயர்கள் புழங்கியதால் மோதல்கள் அடிக்கடி நேர்ந்தன. 2000 முதல், பெரும்பாலும் ஆசிய நாடுகள் தந்த பெயர்கள் வந்தபின் அந்தப் பக்கம் குழப்பம் பெருமளவு குறைந்தது.

முற்றிலும் தீர்ந்துவிடவில்லை. ஆனாவைப் பாருங்கள். 2021 ஜனவரி இறுதியில் பிஜியைத் தாக்கியது ஓர் ஆனா; அதே ஆண்டு மே மாதம் பெர்முடாவுக்கு அருகே உருவாகி விரைவில் மறைந்தது இன்னோர் ஆனா; 2022 ஜனவரியில் மடகாஸ்கர், மொசாம்பிக், மலாவி ஆகிய நாடுகளில் வெள்ளத்தை உண்டாக்கியது மூன்றாவது ஆனா. ஏறத்தாழ ஓராண்டுக்குள் மூன்று பெருங்கடல்களில் ஒரே பெயர். மூன்று பட்டியல்களும் ஒன்றுக்கொன்று தொடர்பின்றித் தம் வரிசைப்படி நகர்ந்து வந்ததில் நேர்ந்தது இது.

ஒடெட் இன்னும் சிக்கலானது. 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் ஓரிரு நாள் இருந்தது அட்லாண்டிக்கின் ஒடெட். அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று பிலிப்பைன்ஸின் சியர்காவ் தீவில் கரையைக் கடந்து நானூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற புயலுக்கு உலக வழக்கில் ராய் என்று பெயர். ஆனால் பிலிப்பைன்ஸ் வானிலைத் துறை தன் எல்லைக்குள் வரும் புயல்களுக்குத் தனிப் பெயர் சூட்டுவதால், அந்நாட்டு மக்களுக்கு அது ஒடெட். அங்கே அந்தப் பெயரை இனி எந்தப் புயலுக்கும் வைப்பதில்லை என்று விலக்கிவிட்டார்கள். அட்லாண்டிக் பட்டியலிலோ அது அப்படியே இருக்கிறது. அங்கே ஆறாண்டுக்கு ஒருமுறை அதே பட்டியல் திரும்புவதால் 2027இல் மறுபடி வரும்.

பழையபதிவு எழுதியது:

கடற்பகுதியைச் சேர்த்தாலும் போதாது, ஐயா. ஒரே பெயர், ஒரே ஆண்டு, ஒரே கடற்பகுதி என்று மூன்றும் பொருந்தும் நிகழ்வு ஒன்று உண்டு: அட்லாண்டிக்கில் 1954ஆம் ஆண்டின் இரண்டு ஆலிஸ்கள்.

முதல் ஆலிஸ் 1954 ஜூன் மாதம் மெக்சிகோவின் வடகிழக்குக் கரையைக் கடந்து உள்நாட்டுக்குள் புகுந்தது. காற்றைவிட அதன் மழைதான் கொடுமை செய்தது. ரியோ கிராண்டே ஆறு பெருக்கெடுத்து மெக்சிகோ-அமெரிக்க எல்லையின் இரு பக்கத்து ஊர்களையும் அழித்தது. இரண்டாவது ஆலிஸைப் பற்றிய எச்சரிக்கை, புத்தாண்டு பிறந்தபின் 1955 ஜனவரி 2 அன்று, கரீபியனின் லீவர்டு தீவுகளை அது நெருங்கிய வேளையில்தான் வெளியானது. புது ஆண்டின் முதல் புயல் என்பதால் பட்டியலின் முதற்பெயரைக் கொடுத்தார்கள். அந்தக் காலத்தில் அந்த முதற்பெயர் மீண்டும் ஆலிஸ்தான். பின்னர் கப்பல்களின் குறிப்புகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்தபோது, அந்தப் புயல் டிசம்பர் 30 அன்றே உருவாகிவிட்டது தெரியவந்தது. உருவான நாளைக் கொண்டுதான் ஆண்டைக் கணக்கிடுவது வழக்கம். எனவே, 1955இன் முதல் புயலாகப் பெயர் பெற்ற ஆலிஸ், ஏட்டில் 1954இன் கடைசிப் புயலாயிற்று. 1955க்குரிய வரிசை பிரெண்டாவிலிருந்து தொடர்ந்தது.

ஆகவே ஆண்டோடு மாதத்தையும் சேருங்கள். அதுவும் கரையைக் கடந்த மாதமாக இல்லாமல் உருவான மாதமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் இந்த இரண்டாவது ஆலிஸை எந்த ஆண்டில் வைப்பது என்பதிலேயே உங்கள் அட்டவணை தடுமாறும்.

அதற்கும் முந்தைய ஆண்டுகள் இதைவிட வேடிக்கையானவை. 1950, 1951, 1952 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அட்லாண்டிக் புயல்களுக்கு வானொலியில் எழுத்துகளை உச்சரிக்கப் பயன்பட்ட ஏபிள், பேக்கர், சார்லி, டாக் என்ற சொற்களையே சூட்டினார்கள். ஆண்டுதோறும் அதே வரிசைதான். மூன்று ஆண்டுகளுக்கு மூன்று ஏபிள்கள், மூன்று சார்லிகள். 1951இல் ஜமைக்காவை உலுக்கியது அவற்றுள் ஒரு சார்லி. 1953இல் பெண்பெயர்களுக்கு மாறியபோதும் இந்தப் பழக்கம் உடனே போகவில்லை. 1954இலும் பெரும்பாலும் அதே பட்டியலை எடுத்துக்கொண்டார்கள்.

புதுவரவு எழுதியது:

எனக்கு ஓர் ஐயம். பேரழிவு செய்த புயலின் பெயரை மறுபடி வைக்க மாட்டார்கள் என்றுதானே படித்திருக்கிறேன்? அப்படியென்றால், பெயர் திரும்ப வருவன எல்லாம் சிறிய புயல்கள் என்று கொள்ளலாமா?

வங்கக்கடல் எழுதியது:

கொள்ள முடியாது. பெயரை விலக்குவது என்பது அந்தக் கடற்பகுதியின் குழு தன் பட்டியலுக்கு மட்டும் செய்துகொள்ளும் ஏற்பாடு. பாதிக்கப்பட்ட நாடு வேண்டுகோள் வைக்க, குழு கூடி முடிவெடுக்கும். பக்கத்துக் கடலை அது கட்டுப்படுத்தாது.

இதற்கு இயானைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. 2014 ஜனவரியில் தொங்கா நாட்டின் ஹாபாய் தீவுகளை உச்சமான ஐந்தாம் நிலைப் புயலாக இயான் தாக்கியது. அதன்பின் தென் பசிபிக்கில் அந்தப் பெயர் விலக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே, 2010இல் நியூஃபவுண்ட்லாந்தைப் பாழாக்கிய ஈகோருக்கு மாற்றாக, அட்லாண்டிக் குழு இயான் என்ற பெயரைத் தன் பட்டியலில் சேர்த்திருந்தது. 2016இல் அட்லாண்டிக்கின் முதல் இயான் நடுக்கடலில் வந்துபோனது. 2022 செப்டம்பர் 28 அன்று அடுத்த இயான் புளோரிடாவின் மேற்குக் கரையில் ஏறி, ஃபோர்ட் மயர்ஸ் கடற்கரைப் பகுதியைச் சிதைத்தது. அட்லாண்டிக்கிலும் இப்போது அந்தப் பெயர் இல்லை. ஆக ஒரே பெயர் இரண்டு கடல்களில், எட்டு ஆண்டு இடைவெளியில் வீசிய புயல்களால், தனித்தனியாக விலக்கப்பட்டிருக்கிறது.

ஹரால்டு இதற்கு எதிர்த்திசை. 2020 ஏப்ரலில் சாலமன் தீவுகள், வனுவாட்டு, பிஜி, தொங்கா என்று நான்கு நாடுகளை வரிசையாகத் தாக்கிய ஹரால்டின் பெயரைத் தென் பசிபிக்கில் இனி யாரும் சூட்ட மாட்டார்கள். அட்லாண்டிக்கிலோ ஹரால்டு என்பது 2017இன் ஹார்விக்கு மாற்றாக வந்த பெயர். 2023 ஆகஸ்ட் 22 அன்று டெக்சாஸின் பாத்ரே தீவில் கரையேறிச் சிறு சேதத்தோடு முடிந்தது. வனுவாட்டுக்காரர் ஒருவர் அந்த வாரம் செய்தித் தலைப்பைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

ஒரே கடலுக்குள்ளும் பெயரின் வரலாறு நேராக இருப்பதில்லை. 1954 ஆகஸ்டில் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியைத் தாக்கிய கரோலின் பெயரை நிரந்தரமாக விலக்காமல், பத்தாண்டு ஒதுக்கி வைத்தார்கள். 1965இல் மறுபடி ஒரு கரோல் வந்தது. அதன்பிறகே அது அடியோடு நீக்கப்பட்டது. ஜான் என்ற பெயரோ கிழக்குப் பசிபிக்கில் 1978 முதல் திரும்பத் திரும்ப வந்தது. 1994இன் ஜான் 31 நாள்கள் உயிரோடிருந்து, பன்னாட்டுத் தேதிக்கோட்டைத் தாண்டி, ஒரே புயல் ஹரிக்கேனாகவும் டைஃபூனாகவும் எண்ணப்பட்டது (கோட்டுக்குக் கிழக்கே வலுவான புயலை ஹரிக்கேன் என்றும் மேற்கே டைஃபூன் என்றும் சொல்வார்கள்). நிலப்பகுதிகளை அது பெரிதாகத் தொடாததால் பெயருக்கு ஒன்றும் நேரவில்லை. 2024 செப்டம்பரில் வந்த ஜான் மெக்சிகோவின் கெரெரோ மாநிலத்தில் பெருமழையாகக் கொட்டியது. அத்தோடு அந்தப் பெயர் முடிந்தது. பெயரை விலக்கச் செய்வது புயலின் வலிமை அன்று, அது விளைவித்த துன்பம்தான்.

மட்டுநகர்வாசகி எழுதியது:

இவ்வளவு நேரம் வாசித்ததில் எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. பெயரையே தலைப்பாக வைக்க வேண்டும் என்ற கட்டாயம் ஏன்? எங்கள் பக்கத்தில் 1978 நவம்பர் 23 இரவு வீசியதை எல்லோரும் ‘எழுபத்தெட்டுச் சூறாவளி’ என்றுதான் சொல்வார்கள். ஏடுகளில் மட்டக்களப்புச் சூறாவளி. அதற்குச் சூட்டிய பெயர் எதுவும் இல்லை. இருந்தும் கிழக்கிலங்கையில் எவரும் அதை வேறொன்றோடு குழப்பிக்கொண்டதில்லை.

ஜப்பானியரும் இதையே செய்திருக்கிறார்கள். 1959 செப்டம்பரில் நகோயா நகரை ஒட்டிய இசே வளைகுடாவில் கடல் பொங்கி ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உலக ஏடுகளில் அந்தப் புயல் வேரா. அந்தப் பெயரை அப்போது விலக்கவில்லை; 1977இல் தைவானைத் தாக்கியதும் வேராதான், 1986இல் கொரியாவைத் தாக்கியதும் வேராதான். ஜப்பான் வானிலைத் துறையோ அதற்கு ‘இசே வளைகுடாப் புயல்’ என்று சூட்டிவிட்டது. இடப்பெயர் கொண்ட தலைப்புக்குப் போட்டி வராது.

பழையபதிவு எழுதியது:

அம்மா, ‘எழுபத்தேழு புயல்’ என்று தமிழ்நாட்டுக் கடலோரத்தில் கேட்டால் 1977 நவம்பர் 12 அன்று நாகப்பட்டினத்தைத் தாக்கியதைச் சொல்வார்கள். அதே சொல்லை ஆந்திரத்தின் கிருஷ்ணா கழிமுகத்தில் கேட்டால், ஒரே வாரம் கழித்து, நவம்பர் 19 அன்று திவிசீமாவில் பத்தாயிரம் பேருக்குமேல் உயிரிழந்த புயலைச் சொல்வார்கள். ஆண்டு ஒன்று, மாதம் ஒன்று, கடல் ஒன்று. பெயரே இல்லாத இரண்டு புயல்கள். ஊர்ப்பெயரைச் சேர்த்தால் இவை பிரியும் என்பது சரி. ஆனால் ஒரு புயல் பல ஊர்களைத் தொட்டால் எந்த ஊரின் பெயரை வைப்பது? நீங்கள் சொன்ன 1978 புயலே மட்டக்களப்பைத் தாண்டி இராமநாதபுரம் கரையையும் அடைந்தது.

மட்டுநகர்வாசகி எழுதியது:

அதிகம் துன்பப்பட்ட ஊரின் பெயரைத்தான் வைக்க வேண்டும். அதில் எனக்கு ஐயமில்லை.

நெய்தல்நிலம் எழுதியது:

இந்தச் சிக்கல்கள் எல்லாம் பிற கடல்களுக்குரியவை. வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் ஒரு பெயரை ஒரு முறைதான் சூட்டுவார்கள். புயல் சிறியதோ பெரியதோ, பயன்படுத்திய பெயர் திரும்ப வராது. 2004இல் ஓனிலில் தொடங்கிய முதல் பட்டியலில் எட்டு நாடுகள் தந்த 64 பெயர்கள் இருந்தன; 2020 மே மாதம் அம்பனோடு அது தீர்ந்தது. அதே ஆண்டு 13 நாடுகள் ஆளுக்குப் பதின்மூன்றாகத் தந்த 169 பெயர்களோடு புதிய பட்டியல் வந்தது. நிசர்கா முதல் 2025 நவம்பரின் டிட்வா வரை 26 பெயர்கள் செலவாகியிருக்கின்றன. இதே வேகத்தில் போனால் இன்னும் முப்பது ஆண்டுகளுக்குமேல் தாங்கும். உலகின் வேறு எந்த மண்டலப் பட்டியலிலும் உள்ள பெயரைத் தரக் கூடாது என்பது புதிய பட்டியலுக்கான விதிகளுள் ஒன்று. எல்லாக் கடல்களும் இதைப் பின்பற்றினால் இந்த இழைக்கே வேலை இருக்காது.

வங்கக்கடல் எழுதியது:

முறை நல்லதுதான். ஆனால் நம் கடல் முற்றிலும் தப்பிவிட்டது என்று எழுத முடியாது. 2008 நவம்பரில் காரைக்கால் அருகே கரையைக் கடந்து காவிரிக் கழிமுகத்தை மூழ்கடித்த நிஷாவை நாம் மறந்திருக்க முடியாது. ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 65 சென்டிமீட்டருக்குமேல் மழை பெய்தது. அந்தப் பெயர் வங்கதேசம் தந்தது. அதே பெயர் தென் பசிபிக்கில் 1983இலும் 2010 ஜனவரியிலும் சூட்டப்பட்டிருக்கிறது.

பட்டியல் வருவதற்கு முன் நடந்ததும் உண்டு. 1989 நவம்பர் 4 அன்று தாய்லாந்தின் சும்போன் பகுதியைத் தாக்கிய கே என்ற புயல், அதற்கு முந்தைய நாள் தாய்லாந்து வளைகுடாவில் சீகிரஸ்ட் என்ற எண்ணெய்த் துளைப்புக் கப்பலைக் கவிழ்த்து 91 பேரைக் கொன்றிருந்தது. பிறகு நிலத்தைக் குறுக்கே கடந்து வங்கக் கடலில் மறுபடி வலுத்து, நவம்பர் 9 அன்று நெல்லூர் மாவட்டத்தின் காவலி அருகே கரையேறியது. ஆந்திரத்தில் அது காவலிப் புயல். மூன்றே ஆண்டுகளில், 1992இல், அதே கே என்ற பெயரோடு இன்னொரு புயல் மார்ஷல் தீவுகளைக் கடந்து நவம்பரில் குவாம் தீவைத் தாக்கியது. மட்டுநகர்வாசகி அவர்கள் சொல்லும் இடப்பெயர் முறைக்கு இந்தக் காவலி வலுவான சான்று, அதை மறுக்கவில்லை.

புயல் அல்லாதவற்றோடும் பெயர் மோதும். 2024 அக்டோபர் 24 இரவு ஒடிசாவில் கரையைக் கடந்த டானாவுக்குச் சில நாள்கள் கழித்து, ஸ்பெயினின் வலென்சியாவில் பெருவெள்ளம் வந்தது. அந்த வெள்ளத்துக்குக் காரணமான வளிமண்டல அமைப்பை ஸ்பானியர் நான்கெழுத்துச் சுருக்கமாக டானா என்றே குறிப்பார்கள். அந்த வாரம் இணையத்தில் டானா என்று தேடியவருக்கு இரண்டும் கலந்தே வந்தன.

அடுக்குமாடி எழுதியது:

எதிர்ப்புறத்தையும் கவனியுங்கள்: ஒரே புயல், பல பெயர்கள். 2021 செப்டம்பர் 26 அன்று கலிங்கப்பட்டினம் அருகே கரையைக் கடந்த குலாப், இந்தியாவைக் குறுக்கே தாண்டி, அதன் எச்சம் அரபிக் கடலில் ஷாஹீனாக வலுத்து ஓமனைத் தாக்கியது. 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பவளக் கடலில் வாரக்கணக்கில் சுற்றிய கத்ரீனாவின் எச்சம் பின்னர் விக்டராகவும், இந்தியப் பெருங்கடலின் தென்மேற்கில் சிண்டியாகவும் பெயர் பெற்றது. குறிப்பேடு அவர்கள் தொடக்கத்தில் சொன்ன இரண்டு கத்ரீனாக்களோடு இதுவும் 1981இன் கியூபாப் புயலும் சேர்ந்தால் நான்கு. அட்டவணையில் ‘காண்க’ என்ற இணைப்புக் குறிப்புகள் இல்லாமல் தீராது.

குறிப்பேடு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தலைப்பில் பெயர், அடுத்து கடற்பகுதி, அடுத்து உருவான ஆண்டும் மாதமும், இறுதியில் உள்ளூர் வழக்குப் பெயர் இருந்தால் அது. மாதிரிக்குச் சில:

ஆலிஸ், அட்லாண்டிக், 1954 ஜூன்.
ஆலிஸ், அட்லாண்டிக், 1954 டிசம்பர்.
ஒடெட், பிலிப்பைன்ஸ் வழக்கு, 2021 டிசம்பர், ராய் காண்க.
கே, வடமேற்குப் பசிபிக்கிலிருந்து வங்கக் கடல், 1989 நவம்பர், காவலிப் புயல்.

பெயர் சூட்டப்படாத புயல்கள் ஊர்ப்பெயரில் தலைப்புப் பெறும். அவற்றுக்கு மட்டும் மாதத்தோடு கரையைக் கடந்த நாளையும் சேர்ப்பேன். பெயர் உள்ளவற்றுக்கும் ஊரையே முதலில் வைக்க வேண்டும் என்ற மட்டுநகர்வாசகி அவர்களின் கருத்தை ஏற்க இயலவில்லை. நாளிதழில் ஒரு பெயரைப் படித்துவிட்டு வருபவர்தான் இந்த அட்டவணையைத் திறப்பார். அவர் கையில் இருப்பது அந்தப் பெயர் மட்டுமே. ஊர்ப்பெயரின் கீழும் ‘காண்க’ என்ற குறிப்பு கட்டாயம் இருக்கும்.

மட்டுநகர்வாசகி எழுதியது:

ஊர்ப்பெயரும் தேடினால் கிடைக்குமென்றால் எனக்குப் போதும். வரிசையில் எது முதலில் என்பதில் என் கருத்து மாறவில்லை.

பழையபதிவு எழுதியது:

கிரேக்க எழுத்துகளை மறந்துவிடாதீர்கள். பட்டியல் தீர்ந்துபோன 2005, 2020 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அட்லாண்டிக்கில் ஆல்ஃபா, பீட்டா என்று வைத்ததால் ஆல்ஃபா முதல் ஜீட்டா வரையிலானவை இரட்டையாக வரும். 2005இன் டெல்டா கேனரித் தீவுகளைத் தாக்கியது. 2020இன் டெல்டா லூசியானாவை. 2005 டிசம்பர் 30 அன்று உருவான ஜீட்டா, இரண்டாவது ஆலிஸைப் போலவே புத்தாண்டைத் தாண்டி நீடித்தது. இன்னொரு ஜீட்டா 2020 அக்டோபரில் உருவானது. ஜீட்டா, ஈட்டா, தீட்டா என்று காதுக்கு ஒன்றுபோல் ஒலித்த பெயர்கள் எச்சரிக்கைகளில் குழப்பம் தந்ததால், 2021இல் அந்த முறையையே கைவிட்டு ஒரு துணைப்பட்டியலை வைத்துக்கொண்டார்கள். ஆகையால் கிரேக்க எழுத்துகளில் மூன்றாவது பதிவு வராது. இடம் ஒதுக்க வேண்டியதில்லை.

ஆர்லீனுக்குத்தான் இடம் தேவை. 1959 முதல் 2023 வரை அட்லாண்டிக்கில் பன்னிரண்டு ஆர்லீன்கள் வந்திருக்கின்றன. அந்தக் கடலில் வேறு எந்தப் பெயரும் அத்தனை முறை வந்ததில்லை. ஒன்றுகூடப் பெயரை விலக்கும் அளவுக்குத் தீங்கு செய்யாததால், 2029இல் பதின்மூன்றாவதும் வரக்கூடும். பன்னிரண்டு தலைப்புகளாகப் பிரித்தால் அரைப் பக்கம் போய்விடும். ஒரே தலைப்பின் கீழ் ஆண்டுகளை வரிசையாகக் கொடுத்துவிடுங்கள்.